பிளேடு மாட்டினால் மூக்கு குத்தும் வண்டி: முன் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஓவன் சவுண்ட் பக்கம். சாலையிலிருந்து வீடுவரை 200 மீட்டர் சரளைப் பாதை. சைட் பை சைட் வண்டி (இருவர் அருகருகே உட்காரும் காட்டுப்பாதை வண்டி) ஒன்றுக்கு 72 அங்குல இரும்புப் பிளேடு மாட்டிப் பனி வாருகிறார். வின்ச்சை (கயிற்றைச் சுருட்டிப் பிளேடைத் தூக்கும் மோட்டார்) அழுத்தினால் பிளேடு மேலே வருவதைவிட வண்டியின் மூக்கு கீழே போவதுதான் அதிகம். தூக்கியபடி ஓட்டினாலும் சின்ன மேட்டில்கூட பிளேடு தரையைச் சுரண்டுகிறது. கடினமான ஸ்பிரிங் வாங்கவா, ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைக்கவா, குளிர்காலம் முடியும்வரை ஷாக்கை (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழல்) கழற்றிவிட்டு இரும்புக் கம்பி போட்டுவிடவா, அல்லது பின்தொட்டியில் மணல்மூட்டை ஏற்றினாலே போதுமா என்பது கேள்வி.

அவசரக்காரர்களுக்கு: முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம் ஷாக்கில் இருக்கும் வளையத்தைத் திருகி முன்பக்க உயரத்தைக் கூட்டுங்கள். அதுவும் போதவில்லை என்றால் மட்டும், ஓரளவு கடினமான ஸ்பிரிங். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். மணல்மூட்டை நல்லதுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

இனி விரிவாக.

ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்று சொன்னாலே புரிந்துவிடும். ஏற்றுகிற மூட்டை அதேதான். அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்தால் மாட்டின் கழுத்தை நுகத்தடி அழுத்தும், பின்னால் தள்ளி வைத்தால் நுகத்தடியே மேலே தூக்கிக்கொள்ளும். பிளேடு விஷயத்திலும் இதே கணக்குதான். அது முன் அச்சுக்கு நேர்மேலே உட்காரவில்லை, அதற்கும் முன்னால் வெளியே தொங்குகிறது. அதனால் முன்சக்கரங்கள் பிளேடின் எடையை மட்டும் சுமப்பதில்லை. பின்சக்கரங்களின் சுமையில் ஒரு பங்கையும் பிடுங்கிக்கொள்கின்றன.

எண்ணில் பார்ப்போம். உங்களுடையது போன்ற வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 2 மீட்டர். 72 அங்குல இரும்புப் பிளேடு, அதைத் தாங்கும் சட்டம், திருப்பும் அமைப்பு எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால். அப்படியானால் பின் அச்சிலிருந்து அந்த மையத்துக்கு 3 மீட்டர். 110-ஐ 3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 165. முன் அச்சில் கூடும் சுமை 165 கிலோ, பின் அச்சில் குறைவது 55 கிலோ. கடையில் 110 கிலோ என்று வாங்கினீர்கள், ஆனால் உங்கள் முன் ஸ்பிரிங்குகளுக்கு வந்து சேர்ந்தது ஒன்றரை மடங்கு.

சக்கரத்துக்கு ஏறக்குறைய 82 கிலோ. இந்த ரக வண்டிகளில் முன் ஸ்பிரிங் மென்மையாகத்தான் இருக்கும். வயலிலும் காட்டுப்பாதையிலும் உடம்பு நோகாமல் போகவேண்டும் என்று அமைத்தது அது. சக்கரம் ஒரு அங்குலம் மேலே போக 20 கிலோ வேண்டும் என்று கொண்டால், 82 கிலோவுக்கு முன்பக்கம் 4 அங்குலம் இறங்கும். பின்பக்கம் பாரம் குறைந்து ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழும்பும். ஆக வண்டியே முன்னோக்கிச் சாய்கிறது. பிளேடின் அடி விளிம்பு முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் இருப்பதால், அந்தச் சாய்வு மட்டுமே அங்கே இன்னும் 3 அங்குலத்தைத் தின்றுவிடும். கூட்டினால் 7 அங்குலம். வின்ச் கயிறு பிளேடை 10 அங்குலம் தூக்குகிறது என்றால், தரைக்கும் பிளேடுக்கும் நடுவே உங்கள் கையில் மிஞ்சுவது 3 அங்குலம்தான். சரளைப் பாதையில் ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கினாலே அது போய்விடும். உங்கள் வண்டியில் எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும், விகிதம் பெரிதாக மாறாது.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். பனியைத் தள்ளும்போது பிளேடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் எடையைத் தரைதான் தாங்குகிறது, ஸ்பிரிங் அல்ல. பிளேடைத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்திலும், பின்னோக்கி வந்து அடுத்த வரிசைக்குத் திரும்பும் நேரத்திலும்தான் உங்கள் பிரச்சினை. பனி வாருவதற்குக் கடினமான ஸ்பிரிங் தேவையே இல்லை. தூக்கும்போது போதுமான உயரம் இருந்தால் போதும். கடினம் வேறு, உயரம் வேறு. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டு கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிளேடைத் தாங்கும் சட்டத்தை வண்டியின் வயிற்றுக்கடியில் மாட்டுவதா, முன் பம்பரில் மாட்டுவதா என்பதும் இந்த விஷயத்தில் உதவாது. வயிற்றில் மாட்டினால் முன்பக்கம் அமுங்காது என்று சிலர் சொல்கிறார்கள். தூக்கிய நிலையில் மொத்த எடையின் மையம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் சக்கரங்கள் பார்க்கும். போல்ட் எங்கே போட்டோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. நடுவில் மாட்டினால் தள்ளும் விசை சட்டகத்துக்கு நேராகப் போகும், அது நல்லது. முன்னால் மாட்டினால் வின்ச் கயிற்றின் அதே நீளத்துக்குப் பிளேடு கூடுதலாக உயரும், வயிற்றின் கீழே இடமும் மிஞ்சும்.

சரி, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்தின் மையத்துக்கு நேர்மேலே சட்டகத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, தரையிலிருந்து அதன் உயரத்தை அளக்கவேண்டும். பிளேடு இல்லாமல் ஒரு முறை, பிளேடு தரையில் இருக்கும்போது ஒரு முறை, முழுக்கத் தூக்கியபின் ஒரு முறை. இடம், வலம் இரண்டிலும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்குமுன் வண்டியை இரண்டு மூன்று மீட்டர் முன்னே உருட்டுங்கள். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் தொங்கும் இந்த அமைப்பில் சக்கரம் ஏறி இறங்கும்போது உள்ளேயும் வெளியேயும் நகர்கிறது. டயர் தரையைப் பற்றிக்கொண்டிருந்தால் பொய்யான உயரத்தைக் காட்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

அளக்கும்போதே டயர் காற்றையும் பாருங்கள். இந்த டயர்களில் இருப்பதே 10 முதல் 15 பிஎஸ்ஐ வரைதான். கராஜில் 20 டிகிரியில் 14 வைத்த டயர், வெளியே மைனஸ் 20-இல் ஏறக்குறைய 10-க்கு வந்துவிடும். ஓட்டை எதுவும் இல்லாமலே. காரில் 4 பிஎஸ்ஐ குறைந்தால் லேசாகத் தெரியும், இங்கே அது கால்பங்குக்கும் மேல். 82 கிலோ கூடுதலாக ஏறியிருக்கும் முன் டயர் அப்போது சப்பையாகி, அதுவும் தன் பங்குக்கு மூக்கை இறக்கும். காற்றைக் குளிரிலேயே, வண்டி வெளியில் நின்ற பிறகு, டயரும் வண்டிக் கையேடும் அனுமதிக்கிற அளவுக்கு நிரப்புங்கள். பைசா செலவில்லாத வேலை.

இப்போது வளையம். பெரும்பாலான ஷாக்குகளில் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியான வெட்டுள்ள வளையமோ, மறையில் ஓடும் வளையமோ இருக்கும். படி வளையம் என்றால் பெரும்பாலும் ஐந்து படிதான், கடைசிப் படிக்குக் கொண்டுபோனால் அவ்வளவுதான். மறை உள்ளது என்றால் கை கொஞ்சம் தாராளம்.

அந்த வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கில் அது உண்மையில்லை. ஒரு அங்குலத்துக்கு எவ்வளவு கிலோ என்ற கணக்கு மாறுவதே இல்லை. ஸ்பிரிங் உட்காரும் இடம்தான் நகர்கிறது, அதனால் வண்டி உயர்கிறது. ஆனால் நமக்கு வேண்டியதே உயரம்தானே! ஷாக் சக்கரத்தருகே நேராக நிற்காமல் உள்ளே தள்ளிச் சாய்ந்து நிற்பதால், சக்கரம் ஒரு அங்குலம் போனால் ஷாக் சுமார் 0.6 அங்குலம்தான் நகரும். அதைத் திருப்பிப் போட்டால், வளையத்தை ஒரு அங்குலம் இறக்கினால் வண்டியின் முன்பக்கம் சுமார் 1.7 அங்குலம் ஏறும். சாய்வும் குறைவதால் பிளேடின் விளிம்பில் ஏறக்குறைய 2.7 அங்குலம் கிடைக்கும். மிச்சமிருந்த 3 அங்குலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது, ஒரு டாலர்கூடச் செலவில்லாமல்.

இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஷாக் என்றால் கதை கொஞ்சம் வேறு. மேலே இருக்கும் மென்மையான குட்டி ஸ்பிரிங் முதலில் அமுங்கும். அது முழுக்க மூடியபின் கடினமான பெரியது மட்டும் வேலை செய்யும். அங்கே வளையத்தை இறுக்கினால் குட்டி சீக்கிரம் மூடிக்கொள்ளும், உண்மையாகவே கடினமும் கூடும். "இறுக்கினேன், கல்லாகிவிட்டது" என்று சிலர் சொல்வது இதனால்தான்.

செய்கிற விதம்: வண்டியைக் கராஜுக்குள் விட்டு உறைந்ததெல்லாம் உருகட்டும். முன்பக்கத்தை ஜாக் போட்டுச் சக்கரங்கள் தொங்கும்படி தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மறையைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் அடியுங்கள். சாலை உப்பும் மணலும் உள்ளே இருக்க வளையத்தைத் திருகினால் அலுமினிய மறை போய்விடும், அப்புறம் ஷாக்கையே மாற்றவேண்டியதுதான். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, பெரியதைச் சுற்றுக்கணக்கு எண்ணித் திருகுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சுற்று. முடிந்ததும் பூட்டு வளையத்தை இறுக்க மறக்கவேண்டாம்.

எதுவரை போகலாம்? பிளேடு கழற்றிய நிலையில் சக்கரம் கீழே இறங்குவதற்கும் இடம் மிஞ்சவேண்டும். மொத்த ஓட்டத்தில் கால்பங்காவது கீழ்நோக்கி இருக்கட்டும். அதையும் தின்றுவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் முழு நீளத்துக்கு நீண்டு 'டக்' என்று அடிக்கும். அதோடு சிவி ஜாயின்ட்டும் (சக்கரம் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் அதற்கு விசையைக் கடத்தும் மூட்டு) இருக்கிறது. முன்பக்கம் உயர உயர அச்சுத்தண்டின் சாய்வு கூடும். அந்தச் சாய்வில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, நான்கு சக்கர விசையோடு ஈரப்பனிக் குவியலை முட்டினால், முதலில் ரப்பர் உறை கிழியும், அப்புறம் உள்ளிருக்கும் குண்டுகள் கதறும். பிளேடு மாட்டித் தூக்கிய நிலையில், வண்டி பிளேடு இல்லாத பழைய உயரத்துக்கு அருகே வந்தால் போதும், அதைத் தாண்டவேண்டியதில்லை. உயரம் மாறினால் முன்சக்கரங்களின் உள்வாட்டமும் (சக்கரங்களின் முன்விளிம்பு உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மாறும், அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வளையம் இறுக்கியும் போதவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்றலாம். ஷாக்கின் 0.6 கணக்கு இங்கே நமக்கு எதிராகத் திரும்பும். சக்கரத்தில் கிடைக்கும் கடினம், ஸ்பிரிங்கின் கடினத்தில் 0.6-இன் வர்க்கம், அதாவது 0.36 பங்குதான். சக்கரத்தில் அங்குலத்துக்கு 20 கிலோ என்றால் ஸ்பிரிங் அங்குலத்துக்கு 55 கிலோ. அதை 80 கிலோ ஸ்பிரிங்காக மாற்றினால் சக்கரத்தில் 29 கிலோ. 4 அங்குலம் இறங்கிய இடத்தில் இப்போது 2.8 இறங்கும். பிளேடு விளிம்பில் லாபம் சுமார் 2 அங்குலம். காசு கொடுத்து வாங்கிய ஸ்பிரிங் தருவதும், சும்மா திருகிய வளையம் தந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். இதனால்தான் வரிசையில் வளையத்தை முன்னால் வைத்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்தால் பலன் நன்றாகவே இருக்கும். முக்கியமாகத் தூக்கிய பிளேடோடு மேடுபள்ளத்தில் போகும்போது வண்டி ஊஞ்சலாடுவதைக் கடினமான ஸ்பிரிங்தான் குறைக்கும், வளையத்தால் அது முடியாது.

ஸ்பிரிங் மாற்றினால் ஷாக் எண்ணெயின் அடக்கும் திறனும் அதற்கேற்ப வேண்டும். கடினம் 45 சதவீதம் கூடினால், அதே எடைக்கு, திரும்பி நீளும் வேகத்தை அடக்க 20 சதவீதம் கூடுதல் பிடி வேண்டும். ஷாக்கில் அதற்கான திருகு இருந்தால் ஒன்றிரண்டு சொடுக்கு கூட்டுங்கள். இல்லாவிட்டால் ரொம்பக் கடினமான ஸ்பிரிங்கைத் தேடிப் போகாதீர்கள். பழைய ஷாக்கும் புதுக் கடின ஸ்பிரிங்கும் சேர்ந்தால், தொங்கும் 110 கிலோவோடு முன்பக்கம் குதிரையாட்டம் ஆடும். 40, 50 சதவீதத்துக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. கோடையில் அதே வண்டியில்தான் விறகும் ஏற்றப் போகிறீர்கள், முதுகு உங்களுடையது.

காற்றுப்பை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில பிக்கப், கார்களில், முக்கியமாகப் பின்பக்கத்தில், ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக இருக்கும், அதனால் ஸ்பிரிங்கின் நடுவில் உருளைப் பை உட்காரும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங்கின் நடுவே ஷாக்கே நிற்கிறது. பைக்கு இடம் ஏது? அதை விற்பவரிடம் உங்கள் ஷாக்கின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். முழுக்கவே காற்றில் இயங்கும் ஷாக்குகள் இருக்கின்றன, கைப்பம்பால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பிளேடு மாட்டும் நாளில் ஏற்றி, கழற்றும் நாளில் இறக்குவது உண்மையில் வசதிதான். ஆனால் விலை அதிகம். டயருக்குச் சொன்ன குளிர்க் கணக்கு அதற்கும் பொருந்தும். உறைபனியில் ரப்பர் அடைப்பான்கள் இறுகிக் கசிய ஆரம்பித்தால், காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்த வண்டியைத்தான் பார்ப்பீர்கள். எஃகு ஸ்பிரிங்குக்கு இந்தக் குளிரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே திணிக்கும் ரப்பர் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். இரண்டு சுருள்களை அவை ஒன்றாகப் பூட்டிவிடுவதால் மீதிச் சுருள்கள் மட்டும் வேலை செய்யும், கடினம் கூடும். ஒரு சீசனுக்குச் சமாளிக்கலாம். குளிரில் இறுகி வழுக்கி விழுந்துவிடும், ஒரு பக்கத்துத் துண்டு மட்டும் விழுந்தால் பிளேடு சாய்ந்து நிற்கும். நான் அவற்றை ஒட்டுப்போடும் வேலையாகத்தான் பார்க்கிறேன். அதைவிட ஷாக்கின் தண்டில் கோர்க்கும் பாலியூரித்தேன் தடுப்பு ரப்பர் நல்லது. சாதாரண ஓட்டத்தில் சும்மா இருந்து, முன்பக்கம் மிகவும் அமுங்கும்போது மட்டும் கை கொடுக்கும். ஷாக்கைப் பிரிக்கவேண்டிவரும் என்பதுதான் தொந்தரவு.

இரும்புக் கம்பி. இதற்கு ஒரு கதை. இந்த மாகாணத்துக்கு வந்து நான் பனி வார ஆரம்பித்த முதல் வருடம், ஷாக்கைக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளை நானே வெட்டித் துளையிட்டு மாட்டினேன். முன்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஜனவரியில் ஒரு விடியற்காலை, பனியின் கீழே இருந்த கால்வாய்க் குழாயின் சிமெண்டு விளிம்பில் இடது சக்கரம் ஏறி இறங்கியது. வேகமாகக்கூடப் போகவில்லை. சக்கரத்தை அதைத் தாங்கும் கையோடு இணைக்கும் கீழ் மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், பிடுங்கிக்கொண்டு வந்தது. சட்டகத்தில் ஷாக் மாட்டும் காது விரிசல் விட்டிருந்ததைப் பனி உருகிய பிறகுதான் பார்த்தேன். ஸ்பிரிங் செய்கிற வேலையை யாராவது ஒருவர் செய்துதான் ஆகவேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் அந்த அடியைச் சக்கரத்தைத் தாங்கும் ஏ வடிவக் கையும் பால் ஜாயின்ட்டும் சட்டகத்து வெல்டும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். மரக்கட்டையை ஷாக்கின் பக்கத்தில் முட்டுக்கொடுப்பதும் இதன் தம்பிதான்.

மணல்மூட்டைக்கு வருகிறேன். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏற்றுகிறார்கள். மறுபடி மாட்டுவண்டிக் கணக்கு. பின்தொட்டி இருப்பது பெரும்பாலும் பின் அச்சுக்கு மேலேயே. சரியாக அச்சுக்கு மேலே வைத்த மூட்டை முன்பக்கத்திலிருந்து ஒரு கிலோவைக்கூட எடுக்காது. தொட்டியின் கடைக்கோடியில், அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தாலும், முன் அச்சில் குறைவது 20 கிலோ மட்டும். ஏறிய 165-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? அச்சுக்கு முன்னால், இருக்கையை ஒட்டி வைத்தீர்களோ, முன்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தே கொடுப்பீர்கள்.

அப்படியும் மூட்டை ஏற்றச் சொல்கிறேன். பிளேடு தூக்கிய நேரத்தில் பின்சக்கரங்கள் 55 கிலோவை இழந்திருக்கின்றன. பனிக்கட்டித் தரையில் பிடிப்பும் பிரேக்கும் அங்கேதான் போகின்றன. 60, 70 கிலோ பின்கோடியில் வைத்தால் இழந்தது திரும்பி வந்துவிடும். டிரக்குக்காரர்கள் போடும் நீளக் குழாய்ப்பை மணல் இங்கே எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும். உலர்ந்ததாக வாங்குங்கள், ஈர மணல் உறைந்து கருங்கல்லாகிவிடும். பட்டை போட்டுக் கட்டுங்கள். மூட்டை, பிளேடு, நீங்கள், பக்கத்தில் உட்காருபவர் எல்லாம் சேர்ந்து வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் இருக்கவேண்டும். கடினமான ஸ்பிரிங் போட்டதால் அந்த வரம்பு ஒரு கிலோகூட ஏறாது. பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் பிரேக்கும் பழையவையே.

பிளேடை இன்னும் வாங்காதவர்கள் யாராவது படித்தால்: எடையையும் தூரத்தையும் ஆரம்பத்திலேயே குறைப்பது எல்லா ஸ்பிரிங்கையும் விட மலிவு. 10 கிலோ குறைந்தால் முன் அச்சில் 15 குறைகிறது. ஆனால் அகலத்தில் கை வைக்குமுன் ஒரு கணக்கு. 72 அங்குலப் பிளேடை 30 டிகிரி திருப்பினால் துடைக்கும் அகலம் 62 அங்குலத்துக்கு வந்துவிடும். அது உங்கள் டயர்களின் வெளி அகலத்தைவிடக் குறைந்தால், வாரிய பனியின் வரப்பின்மேலேயே உங்கள் சக்கரம் ஏறும். பிளேடைத் தேவைக்கு மேல் முன்னால் தள்ளும் நீட்டிப்புச் சட்டங்கள் சில வண்டிகளுக்கு உண்டு. சக்கரத்துக்குப் பதில் டிராக்கில் (ரப்பர் பட்டையில்) ஓடும் வண்டிகளுக்குத்தான் அவை அவசியம். சாதாரண டயர் வண்டியில் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். 15 சென்டிமீட்டர் பின்னால் வந்தாலும் ஸ்பிரிங்குக்குத் தெரியும்.

வின்ச்சைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மூக்கு குத்துவதில் பாதி அதன் தலையில் விழுகிற பழி. இரவு பிளேடைத் தரையில் விட்டுப் போனால் காலையில் அது சரளையோடு உறைந்திருக்கும். அப்போது வின்ச்சை அழுத்தினால் பிளேடு வராது, வண்டிதான் இறங்கும். ஷாக் முழுக்க அமுங்கும்வரை இழுத்துவிட்டு, கயிறு அறுந்ததென்று வருகிறவர்கள் உண்டு. ஒரு பலகைமேல் பிளேடை இறக்கி நிறுத்துங்கள். மேலே தூக்கும்போதும், தடுப்பில் முட்டியபின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடவேண்டும். அதற்குமேல் இழுப்பது ஒரு மயிரிழைகூடத் தூக்காது, கயிற்றையும் பற்சக்கரத்தையும் தின்னும். ஒரே இடத்தில் ஆயிரம் முறை மடங்கும் எஃகுக் கயிறு இழை இழையாகப் பிய்ந்துவிடும். பிளேடுக்கென்று ஒரு குட்டைச் செயற்கை இழைக் கயிறு போட்டுக்கொண்டால், தேயும்போது அதை மட்டும் மாற்றலாம். தூரம் போவதென்றால் தூக்கிய பிளேடை ஒரு சங்கிலியில் கொக்கிபோட்டு மாட்டுங்கள். மூக்கு அதனால் உயராது, கயிறும் வின்ச்சும் குலுங்கல் வாங்காமல் ஓய்வெடுக்கும்.

உங்கள் சரளைப் பாதைக்கு இன்னும் ஒன்று. பிளேடின் அடியில் இருக்கும் காலணிகளை (பிளேடைத் தரையிலிருந்து சற்று உயர்த்திப் பிடிக்கும் சறுக்குத் தகடுகள்) முதல் இரண்டு மூன்று பனிக்கு ஒரு அங்குலம் இறக்கி வையுங்கள். கீழே ஒரு படலம் உறைந்து தரை கெட்டியான பிறகு அரை அங்குலத்துக்குக் கொண்டுவரலாம். ஸ்பிரிங் கடினமானபின், பிளேடு கல்லில் முட்டும் அடி முன்பைவிட நேராகச் சட்டகத்துக்குப் போகும். அதனால் பிளேடு மடிந்து கொடுக்கும் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும், வேகநடையைத் தாண்டாமல் ஓட்டுவதும் முன்பைவிட முக்கியம். உங்கள் பக்கம் ஹூரான் ஏரியிலிருந்தும் ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்தும் ஈரத்தை அள்ளிவந்து கொட்டுகிற பனி. ஒரே இரவில் முழங்கால் வந்துவிடும். அதை ஒரே மூச்சில் வாரப் பார்க்காமல், பாதி ராத்திரியில் ஒரு முறை, விடிந்து ஒரு முறை என்று இரண்டாகப் பிரியுங்கள். பாதையின் வாயில் நகராட்சி வண்டி போட்டுவிட்டுப் போகும் அந்தக் கனத்த வரப்பை நேராக முட்டாமல், ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள். கோபத்தில் அதைச் சாலைக்கே திருப்பித் தள்ளிவிடாதீர்கள், ஒன்ராறியோவில் அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவது சட்டப்படி குற்றம்.

ஏப்ரலில் பிளேடைக் கழற்றும் அன்றே வளையங்களையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். உயர்த்திய முன்பக்கத்தோடு கோடை முழுக்க ஓடினால் சிவி உறைகள் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்காது. எத்தனை சுற்று என்பதை இப்போது நினைவிருக்கும் என்று நம்பாதீர்கள். நான் இடம், வலம் இரண்டின் எண்களையும் அழியாத மார்க்கரால் பானெட்டின் உட்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே குளிர்காலத்து டயர் காற்றின் அளவும்.